சாசனமும் கதவும்

கேரளத்தின் கல்விச் சிறப்பைப் புகழ்வோர், 1817-ஆம் ஆண்டிலேயே, பிரஜைகளின் கல்விச் செலவு முழுவதையும் அரசாங்கமே ஏற்க வேண்டுமென்று ராணி கௌரி பார்வதி பாய் திருவிதாங்கூரில் சாசனம் பிறப்பித்ததை முதலில் நினைவுகூர்வர். சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி, 1866-இல் கலாசாலையாக உயர்ந்தது. 1937-இல் தோன்றிய திருவிதாங்கூர் சர்வகலாசாலை, 1957-இல் கேரள சர்வகலாசாலையாயிற்று.

ஆயினும், அச்சாசனம் பிறந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்த பின்னரும், தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் கதவு திறக்கவில்லை என்பதையும், அதைத் திறப்பதற்கு எழுதப் படிக்க அறியாத அய்யன்காளி என்னும் மகாபுருஷர் போராட நேர்ந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. 1991-இல் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்ட கேரளம், ராணிக்குப் போலவே அய்யன்காளிக்கும் கடன்பட்டிருக்கிறது.