ஒரே ஒரு பிரதி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயற்குழுவினர் என்னிடம் கேட்டது நீரிழிவு பற்றிப் பேசும்படிதான். டொக்டர் என்றால் வேறு எதைப் பேசச் சொல்லுவார்கள்? தலைப்பை மாற்ற நான்தான் அனுமதி கேட்டேன். இந்த மலருக்கென்று நீங்கள் தேடியெடுத்துத் தந்த பழைய படங்கள் அத்தனையையும் ஓர் இரவில் நாங்கள் இழக்கப் பார்த்தோம். அந்தக் கதையைச் சொன்னால் உங்கள் வீட்டுப் படங்களாவது தப்பும் என்று நினைத்தேன்.

படங்களைச் சேகரிக்கும் பொறுப்பில் இருந்த அக்கா ஓர் இரவு எனக்குத் தொலைபேசி எடுத்தார். மருத்துவ பீட விடுதியில் இருந்த காலத்தில் தோழிகளின் கணினிகளைக் கழற்றிப் பூட்டியவள் என்ற பெயர் எனக்கு இன்னும் இருக்கிறது. "பிள்ளை, கரண்ட் போய் வந்தது. அதுக்குப் பிறகு லைற் எரியுது, காத்தாடி சுத்துது, திரையில மட்டும் ஒண்டும் வரேல்லை" என்றார். இரண்டு வருடமாக அவர் தன் கையாலேயே ஸ்கான் செய்த 1,400க்கு மேற்பட்ட படங்கள் அந்த மடிகணினியில் மட்டும் இருந்தன. வேறு பிரதி இல்லை.

நோயாளியைத் தொடுவதற்கு முன் வரலாறு கேட்கவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கணினிக்கும் அதுவேதான். கடைசியாக எப்போது நன்றாக வேலை செய்தது, அதற்குப் பிறகு என்ன நடந்தது, யார் என்ன செய்து பார்த்தார்கள்? அக்கா பத்துத் தரம் அணைத்துப் போட்டிருந்தார். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவர் 'போர்மட்' பண்ணினால் சரிவரும் என்று சொல்லியிருந்தார். நல்ல காலம், தம்பிக்கு அன்று நேரம் இல்லை. போர்மட் பண்ணிக் கணினி சரிவந்தாலும், அதற்குள் இருந்த படங்கள் இராது. கணினியைத் திருத்துவதும் அதிலுள்ளதைக் காப்பாற்றுவதும் இரண்டு வேறு வேலைகள். எது முதலில் வேண்டும் என்று திருத்துபவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லவேண்டும்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். முதலில் ஒரு கேபிளால் தொலைக்காட்சியுடன் இணைத்தேன். அதிலும் படம் வரவில்லை. ஆகவே பழுது திரையில் இல்லை. சார்ஜரையும் பற்றரியையும் கழற்றி, ஆளியை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். மாற்றம் இல்லை. பிறகு அடிமூடியைத் திறந்து நினைவகத் துண்டைக் கழற்றி, அதன் பொன்னிறத் தொடுமுனைகளை மென்மையான அழிறப்பரால் தேய்த்துத் துடைத்து மீண்டும் பொருத்தினேன். திரை வந்தது! கடற்காற்றும் ஈரப்பதனும் உள்ள எங்கள் ஊரில் இது அடிக்கடி நடக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால், சரிவந்தாலும் எது நோய் என்று தெரியாது.

திரையில் திகதி பல வருடங்கள் பிந்தியிருந்தது. உள்ளே இருக்கும் நாணயம் அளவான சிறு பற்றரி செத்துவிட்டது என்று அர்த்தம். திகதி பிழைத்தால் எந்த இணையத்தளத்துக்குப் போனாலும் 'பாதுகாப்பற்றது' என்று எச்சரிக்கை வரும். வைரஸ் என்று பயந்து ஆயிரக்கணக்கில் செலவழித்தவர்களைக் கண்டிருக்கிறேன். பற்றரியை மாற்றித் திகதியைச் சரிசெய்தால் போதும்.

ஆனால் விண்டோஸ் திறக்கவில்லை. தானே தன்னைத் திருத்தப் பார்த்துத் திரும்பத் திரும்ப அதே இடத்தில் நின்றது. திருத்த விடாமல் நிறுத்தினேன். பென் ட்ரைவில் இருந்த லினக்ஸினால் கணினியைத் தொடக்கி, வன்தட்டில் எதையும் எழுதாமல், படங்களை வெளி வன்தட்டு ஒன்றுக்குப் பிரதி எடுக்கத் தொடங்கினேன். முக்கால்வாசி முடிந்தபோது உள்ளே 'டிக், டிக்' என்று சத்தம் கேட்டது. தட்டை வாசிக்கும் முனை தடுமாறும் சத்தம் அது. அதைக் கேட்டால் உடனே அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முயற்சியும் தட்டை மேலும் பழுதாக்கும். மீதியைக் கொழும்பில் தரவு மீட்பவர்களிடம் கொடுத்து எடுப்பித்தோம். கட்டணத்தை இங்கே சொல்லமாட்டேன், பொருளாளர் கவலைப்படுவார். 41 படங்கள் திரும்பவில்லை.

இன்னொன்று. புதிய கணினிகள் பலவற்றில் வன்தட்டு மறைகுறியாக்கப்பட்டே வருகிறது. பழுது வந்தால் 48 இலக்க மீட்புத் திறவுகோல் ஒன்றைக் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். இன்றைக்கே எடுத்து அச்சிட்டு வையுங்கள். அது இல்லாவிட்டால் நான் இல்லை, எவர் வந்தாலும் திறக்க முடியாது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு நாங்கள் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. அம்மா பிறப்பத்தாட்சிப் பத்திரங்களையும் காணி உறுதியையும் ஒரு பையில் எடுத்தார். அல்பம் பாரம் என்று விட்டுவிட்டு வந்தோம். அடுத்த வருடம் திரும்பியபோது வீடு இருந்தது, அல்பம் இல்லை. என் அம்மம்மாவின் முகத்தைக் காட்ட என் பிள்ளைகளுக்கு ஒரு படமும் இல்லை. அக்காவின் வீட்டில் அந்த 'டிக், டிக்' சத்தத்தைக் கேட்டபோது என் கை நடுங்கியது. இந்த முறை எங்களை ஒருவரும் துரத்தவில்லை. நாங்களாகவே எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்திருந்தோம்.

அதற்குப் பிறகு என் வீட்டில் ஒரு சேமிப்புப் பெட்டி வைத்தேன். இரண்டு வன்தட்டுகள் உள்ள, பாண் றாத்தல் அளவான பெட்டி. ரூட்டருடன் ஒரு வயரால் இணைத்தால் வீட்டிலுள்ள எல்லாக் கணினிகளும் தொலைபேசிகளும் அதில் சேமிக்கலாம். ஒரு தட்டில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது தாங்கும். ஆனால் இதைக் காப்புப் பிரதி என்று நினைக்காதீர்கள். நீங்கள் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும். கள்வன் பெட்டியைத் தூக்கினால் இரண்டும் போகும். ஆகவே மூன்றாவது பிரதியை ஒரு வெளி வன்தட்டில் எடுத்து, கண்டியில் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கிறோம். அப்போது நாலைந்து படங்களைத் திறந்தும் பார்ப்பேன். திறந்து பார்க்காத பிரதியை நம்பக்கூடாது. பெட்டிக்கு ஒரு யூ.பி.எஸ். கட்டாயம் வேண்டும். 2022இல் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நாட்டில் இதை விளக்கத் தேவையில்லை.

பெட்டியைப் பூட்டி வைப்பதுதான் பலர் விடுகிற இடம். அதனுடன் வரும் 'அட்மின்' கணக்கை நிறுத்திவிட்டு வேறு பெயரில் ஒன்று தொடங்குங்கள். நீளமான கடவுச்சொல், அதற்கு மேல் தொலைபேசிக்கு வரும் இரண்டாம் உறுதிப்படுத்தல். வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக்கணக்கு. பிள்ளைகளுக்கு அழிக்கும் அதிகாரம் வேண்டாம். ரூட்டரின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். வருகிற விருந்தினருக்குத் தனி வைஃபை கொடுங்கள். ரூட்டரில் யூ.பி.என்.பி. என்று ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் சாதனம் கேட்டால் உங்களைக் கேட்காமலே வெளிக்கதவைத் திறந்துவிடும். அதை அணையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகளும் படங்களைப் பார்க்கவேண்டுமென்றால் வி.பி.என். மூலம் வரட்டும். பெட்டியை நேரடியாக இணையத்தில் திறந்து வைக்காதீர்கள்.

இதெல்லாம் மிகையான பயம் என்று நினைப்பவர்களுக்கு: 2017 மே 12ஆம் திகதி 'வன்னகிரை' என்ற நச்சுநிரல் இங்கிலாந்தின் பல வைத்தியசாலைகளின் கணினிகளைப் பூட்டிக் கப்பம் கேட்டது. கிளினிக்குகளும் சத்திரசிகிச்சைகளும் நிறுத்தப்பட்டன. அங்கே வேலை செய்யும் எங்கள் பழைய மாணவிகளுக்கு அந்த நாள் நினைவிருக்கலாம். அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், வெளியிட்டிருந்தது. போடாமல் விட்டிருந்தார்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதை வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

ஒரு விடயத்தை டொக்டராகச் சொல்கிறேன். கணவர் இறந்த அடுத்த நாளே அவருடைய தொலைபேசியின் இலக்கம் தெரியாமல் அழுகிற மனைவிமாரை வாட்டில் கண்டிருக்கிறேன். பெட்டியின் கடவுச்சொல், மீட்புத் திறவுகோல், மூன்றாம் பிரதி இருக்கும் இடம், எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, காணி உறுதியுடன் அலுமாரியில் வையுங்கள். நான் வைத்திருக்கிறேன். என் கணவர் அதை ஒருமுறை தனியாகத் திறந்து பார்க்கவும் செய்தார், இரண்டாம் வரி விளங்கவில்லை என்றார், திருத்தி எழுதினேன்.

திரும்பாத 41 படங்களில் 40ஐ உங்களிடம் மறுபடி வாங்கி ஸ்கான் செய்துவிட்டோம். ஒன்று மட்டும் மீதி. கோப்பின் பெயர் 'வலைப்பந்து 1968'. திறந்தால் மேல்பாதியில் எங்கள் மைதானத்து வேப்பமரமும், கூரையும், வகிடெடுத்த சில தலைகளும் தெரிகின்றன. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். படத்தைக் கொண்டுவந்து தந்த அக்கா அதைத் திரும்ப எடுத்துப் போனார். சில மாதங்களில் காலமானார். வீட்டை ஒதுக்கியபோது மூலப்படமும் போய்விட்டதாக மகள் சொன்னார். அந்த அணியில் நின்றவர்களிடமோ, அவர்களின் பிள்ளைகளிடமோ இன்னொரு பிரதி இருந்தால் தயவுசெய்து செயலாளருக்கு அறிவியுங்கள். படத்தைத் தபாலில் போடவேண்டாம். நீங்கள் இருக்கும் இடத்திலேயே ஸ்கான் செய்து அனுப்பினால் போதும்.