எடுத்தால் ஏறும் சர்க்கரை



விலங்கியல் ஆசிரியர் ஒருவரின் நினைவைப் போற்றும் மேடை இது. ஆகவே நீரிழிவு ஆராய்ச்சிக்காக நாயும் முயலும் எலியும் கொடுத்த விலையைப் பற்றியும், அந்த விலைக்கு நாம் பெற்ற அறிவைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். குறிப்பாக ஒரே ஒரு வகைச் சோதனையை எடுத்துக்கொள்கிறேன். இன்சுலின் சுரக்கும் ஒன்றை உடலில் வைத்துப் பார்ப்பது. பிறகு அதை எடுத்துப் பார்ப்பது.

1889-ல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஃபான் மேரிங்கும் மின்கோவ்ஸ்கியும் ஒரு நாயின் கணையத்தை முழுவதுமாக அகற்றினார்கள். கொழுப்புச் செரிமானத்தில் கணையத்துக்கு என்ன பங்கு என்பதுதான் அவர்களை அங்கே கொண்டுபோன கேள்வி. வெளியே போய்ச் சிறுநீர் கழிக்கப் பழகியிருந்த நாய், ஆய்வுக்கூடத் தரையில் ஓயாமல் கழித்தது. மின்கோவ்ஸ்கி அதைச் சோதித்தார். சர்க்கரை மிகுந்திருந்தது. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. அடுத்து அவர் செய்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது. கணையத்தில் ஒரு துண்டை வயிற்றுத் தோலுக்கு அடியில் பதித்துவிட்டு மீதியை அகற்றினார். நாய்க்கு நீரிழிவு வரவில்லை. பிறகு அந்தத் தோலடித் துண்டையும் எடுத்தார். வந்துவிட்டது. குடலோடு குழாய்த் தொடர்பே இல்லாத துண்டு சர்க்கரையைக் கட்டிக்காக்கிறது என்றால், அது ஏதோ ஒரு பொருளை நேரே இரத்தத்தில் விடுகிறது என்றுதானே பொருள்? டொரண்டோவில் இன்சுலினைப் பிரித்தெடுப்பதற்குச் சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, அது இருந்தாக வேண்டும் என்பதற்கு ஒரு நாயின் உடல் சாட்சி சொல்லிவிட்டது.

ஆனால் மனிதர்கள் பொறுக்கவில்லை. 1893 டிசம்பரில், பிரிஸ்டலில், வாட்சன் வில்லியம்ஸ் என்ற மருத்துவர் மரணப் படுக்கையில் கிடந்த 15 வயதுச் சிறுவனின் தோலுக்கடியில் ஆட்டுக் கணையத் துண்டுகளை வைத்தார். மூன்றே நாளில் சிறுவன் இறந்தான். 1921-ல் டொரண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களிடமே திரும்பிப் போனார்கள். மார்ஜரி என்று அவர்கள் அழைத்த நாய், கணையம் இல்லாமல், அவர்கள் வடித்த சாற்றின் துணையால் சுமார் 70 நாள் உயிரோடு இருந்தது. 1922 ஜனவரியில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி. அது ஒத்துக்கொள்ளவில்லை, சில நாள் கழித்து, பான்டிங் குழுவின் காலிப் சுத்திகரித்துக் கொடுத்த சாறு பலித்தது. அந்த ஊசி உயிரைக் காத்தது, நோயை நீக்கவில்லை. சுரக்கிற செல்லையே உடலில் வைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் அதனால்தான் சாகவில்லை.

இந்தக் கதையில் மூளைக்கும் ஒரு பங்கு உண்டு. மின்கோவ்ஸ்கிக்கும் முன்னால், 1849-ல், பாரிஸில் கிளோத் பெர்னார் ஒரு முயலின் மூளையில் நான்காம் அறையின் தளத்தை ஊசியால் குத்தினார். சற்று நேரத்தில் சிறுநீரில் சர்க்கரை இறங்கியது. சர்க்கரையின் கடிவாளத்தில் ஒரு முனை மூளையிலும் இருக்கிறது என்று அன்றே தெரிந்தது. செல் அளவில் பார்த்தால் நெருக்கம் இன்னும் வியப்பானது. இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்லின் சவ்வில் பொட்டாசியம் வாயில்கள் மூடுகின்றன, மின்னழுத்தம் மாறுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது, இன்சுலின் பைகள் வெடித்துத் திறக்கின்றன. நரம்புச் செல் தன் செய்தியை அனுப்பும் முறையும் ஏறத்தாழ இதுவே. பழ ஈயின் உடலில் இன்சுலினைச் சுரப்பவை மூளையில் இருக்கும் செல்கள்தாம். அப்படியானால் மூளையிலுள்ள ஸ்டெம் செல்லைப் பீட்டா செல்லின் வேலைக்குப் பழக்க முடியுமா?

முடியும் என்று எலிகளில் காட்டியவர் ஜப்பானில் சுகுபா நகர ஆய்வாளர் தொமோகோ குவபாரா. அவருடைய குழுவின் கட்டுரை 2011-ல் வந்தது. நீரிழிவு எலிகளின் நுகர்குமிழிலிருந்து, அதாவது மூக்குக்குப் பின்னால் மணத்தை வாங்கிக்கொள்ளும் மூளைப் பகுதியிலிருந்து, நரம்பு ஸ்டெம் செல்களை எடுத்தார்கள். வெளியிலிருந்து எந்த மரபணுவையும் செலுத்தவில்லை. இன்சுலின் மரபணுவைத் தூண்டும் ஒரு புரதத்தையும், அந்தத் தூண்டலுக்குத் தடை போடும் இன்னொரு புரதத்தை அடக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துச் செல்களை வளர்த்தார்கள். மெல்லிய கொலாஜன் தாளில் அவற்றைப் பரப்பி, எலியின் கணையத்தின்மேல் போர்த்தினார்கள். சர்க்கரை இறங்கியது, வாரக்கணக்கில் இறங்கியபடியே நின்றது. பிறகு அந்தத் தாளை எடுத்தார்கள். சர்க்கரை ஏறியது.

122 ஆண்டு கழித்தும் அதே சாட்சியம். செல்லை வைத்தவுடன் சர்க்கரை இறங்குவது மட்டும் எதையும் நிறுவாது. எலியின் சொந்தக் கணையமே தேறியிருக்கலாம், உணவு குறைந்திருக்கலாம். எடுத்த பிறகு ஏறினால்தான், இறக்கியது அந்தச் செல் என்று சொல்ல முடியும். ஆகவே அந்த எலி இரண்டு முறை நோயாளியாக வேண்டியிருக்கிறது. இதை மாணவர்கள் ஒரு கணம் நின்று யோசிக்க வேண்டும்.

எலிக்கு முதலில் எப்படி நோய் வருகிறது? பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசியால். மண்ணில் வாழும் பாக்டீரியா ஒன்றிலிருந்து கிடைத்த பொருள் அது. குளுக்கோஸ் நுழையும் அதே வாயில் வழியாகப் பீட்டா செல்லுக்குள் போய் அதைக் கொல்கிறது. ஓரிரு நாளில் கூண்டைச் சுத்தம் செய்பவருக்கே விஷயம் தெரிந்துவிடும். தண்ணீர்ப் புட்டி சீக்கிரம் காலியாகும். கீழே பரப்பிய உமியும் மரத்தூளும் சொதசொதவென்று நனைந்துகிடக்கும். மற்றக் கூண்டுகளைவிட அடிக்கடி மாற்ற வேண்டிவரும். எலி இளைக்கும், மயிர் கலைந்து நிற்கும். வால் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, நம் வீடுகளில் இருப்பது போன்ற சிறு கருவியில் அளப்பார்கள்.

அந்த ஊசி வேலையை முடித்துக்கொண்டு உடலைவிட்டுப் போய்விடும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். முதல் வகை நீரிழிவு வந்த குழந்தையின் உடலில் பீட்டா செல்லைக் கொன்றது அதன் சொந்த எதிர்ப்புச் சக்தி. அது எங்கும் போகவில்லை. புதிதாக வைக்கும் செல்லுக்காகவும் காத்திருக்கிறது. எலியின் உடலில் கொலையாளி வெளியேறிய பிறகு குடியேறும் செல்லுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, குழந்தையின் உடலில் கிடைக்காது. இந்த வேறுபாட்டை ஈடுகட்டத்தான் தானாகவே நீரிழிவு வரும் சுண்டெலி வகையை ஜப்பானில் உருவாக்கினார்கள். அந்தச் சுண்டெலிகளைக் காப்பாற்றிய சிகிச்சைகளில் பெரும்பாலானவை மனிதரிடம் கைகொடுக்கவில்லை.

விலங்கு பொய் சொல்லிவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. செயின்ட் லூயிஸில் பால் லேசி எலிக் கணையத்திலிருந்து, பீட்டா செல்கள் அடங்கிய லாங்கர்ஹான்ஸ் திட்டுகளைப் பிரித்தெடுக்கும் வழியைச் செப்பனிட்டார். 1972-ல் அவற்றை எலிகளில் பதித்தார்கள். கல்லீரலுக்குப் போகும் சிரை வழியாகச் செலுத்துவதே நல்ல வழி என்பதையும் எலிகளே கற்றுக்கொடுத்தன. அந்த வழியில்தான் 2000-ல் கனடாவின் எட்மன்டனில் ஏழு நோயாளிகள் இன்சுலின் ஊசியிலிருந்து விடுபட்டார்கள். 2025-ல், ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த திட்டுகளை முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் ஊசியின்றி இருந்தார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தோடுதான். எலியிலிருந்து எட்மன்டனுக்கு 28 ஆண்டு. மூளைச் செல் வழியோ இன்னும் மருத்துவமனை வாசலுக்கு வரவில்லை.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு. சென்னை ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய கணக்கெடுப்பு அது. இத்தனை பேர் நம்பிக்கைக்கு ஏங்கும் நாட்டில், எலியின் வெற்றியை "சர்க்கரை நோய்க்குத் தீர்வு" என்று தலைப்பிடுவது கொடுமை. அந்தத் தலைப்பைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டி ஸ்டெம் செல் ஊசி விற்பவர்கள் இருக்கிறார்கள். நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டும் பெற்றோரும் இருக்கிறார்கள். அனுமதி பெற்ற மருத்துவச் சோதனைக்கு வெளியே நீரிழிவுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை கூடாது என்று 2017-ன் தேசிய வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன.

விலங்குகளுக்கான சட்டமும் நம்மிடம் உண்டு. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதாவாகத் தொடங்கிய முயற்சிதான் 1960-ன் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முடிந்தது. அது விலங்குச் சோதனையைத் தடை செய்யவில்லை. தேவையற்ற வலி தரக் கூடாது என்று கண்காணிப்புக்கு வழிசெய்தது. வேறு வழி இருந்தால் அதை எடு, எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை என்று ரஸ்ஸல், பர்ச் என்ற ஆய்வாளர்கள் அதற்கு முந்தைய ஆண்டு, 1959-ல், எழுதியதும் இதே நோக்கில்தான். எண்ணிக்கையைக் குறைப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். ஆறு எலி போதாத கேள்விக்கு ஆறே எலியை எடுத்தால், அந்த ஆறும் வீணாகச் சாகின்றன.

இந்தக் கல்லூரியின் ஆய்வு மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஆய்வேட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். எத்தனை விலங்குகளை எடுத்தோம், எத்தனை நடுவில் இறந்தன, எவற்றைக் கணக்கிலிருந்து விலக்கினோம், ஏன், எந்தச் சோதனை பலிக்கவில்லை என்று எழுதுங்கள். வாய்மொழித் தேர்வுக்கு வரும் தேர்வாளர்களே, அந்தப் பக்கத்தை முதலில் புரட்டுங்கள்.