ஏறும் முன்பே

2011 டிசம்பர் 25. பழவேற்காடு ஏரிக்குச் சுற்றுலா வந்தவர்கள் ஒரு மீன்பிடிப் படகில் ஏறினார்கள். படகு தாங்காத கூட்டம். லைஃப் ஜாக்கெட் இல்லை. படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் பொழுது சாய்ந்தபின் கிளம்பிய படகிலும் கூட்டம் அளவு மீறியிருந்தது. அங்கும் 22 உயிர்கள் போயின.

இரண்டிலும் தவறு கரையிலேயே நடந்துவிட்டது. அதனால் கரையிலேயே தடுக்கவும் முடியும். அதற்குத்தான் ஊருக்கு நாலு தன்னார்வலர்கள் வேண்டும்.

காணும் பொங்கல், ஆடிப்பெருக்கு போன்ற நாட்களில் அவர்கள் படகுத்துறையில் நிற்கட்டும். இந்தப் படகில் இத்தனை பேர்தான் என்று பெரிய எழுத்தில் பலகை வைக்கட்டும். கைக்குழந்தையையும் ஓர் ஆளாக எண்ணட்டும். லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இறுக்கிக் கட்டிவிடட்டும். தளர்ந்திருந்தால் தண்ணீரில் அது தலைக்கு மேலே ஏறிவிடும். குழந்தைகளுக்குச் சிறிய அளவு தனியாக வேண்டும்.

படகுக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஆள் குறைந்தால் அவருக்கு வருமானம் குறையும். "இன்னும் ரெண்டு பேர்தானே, ஏத்திக்குங்கண்ணே" என்று கெஞ்சுவது நாம்தான். அந்த நேரத்தில், "அடுத்த நடையில போகலாம்மா, கொஞ்சம் பொறுங்க" என்று பக்குவமாகச் சொல்ல ஓர் ஆள் இருந்தால், படகுக்காரருக்கும் அது பெரிய பலம்.

ஏறியவர்களிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எழுந்து நிற்காதீர்கள், எல்லோரும் ஒரே பக்கம் போகாதீர்கள். எடை ஒரு பக்கம் குவிந்தால் படகு சாயும். சாய்ந்த படகில் தண்ணீர் ஏறினால் நிமிர்த்துவது கடினம். 2009இல் 45 பேரைப் பலிகொண்ட தேக்கடி விபத்தில், விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

யாராவது விழுந்துவிட்டால், பயிற்சி இல்லாதவர் பின்னாலேயே குதிக்கக் கூடாது. மூழ்குபவர் பதற்றத்தில் பிடித்து அமுக்கிவிடுவார். மூடி இறுக்கிய காலிக் கேன் ஒன்றை நீளக் கயிற்றில் கட்டித் துறையில் வைத்திருங்கள், அதை வீசுங்கள். கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணை அழையுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் இந்த எண்ணைச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த திருவிழாவுக்கு முன்பே ஊராட்சித் தலைவரையும் படகுக்காரர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசுங்கள். யார் எந்த நேரம் துறையில் நிற்பது என்று அன்றே பட்டியல் போடுங்கள். முதல் பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.