தள்ளிப்போடும் கலை: கெர்னல் சாதனங்களுக்கு எழுதும் விதம்

லினக்ஸ் கணினியில் ஒரு ஜிபி அளவுள்ள திரைப்படத்தைப் பென்டிரைவில் ஏற்றும்போது நடப்பது பலருக்கும் பழக்கமானதுதான். நகலாகும் கோடு சர்ரென்று ஓடிச் சில விநாடிகளில் 100 சதவீதத்தைத் தொட்டுவிடும். வேலை முடிந்தது என்று ‘இஜெக்ட்’ கொடுத்தால், இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது, எடுக்காதீர்கள் என்று ஓர் அறிவிப்பு வந்து அப்படியே நிற்கும். பொறுமை இல்லாதவர் பிடுங்கிவிடுவார். வீட்டில் போய்ப் போட்டால் படம் பாதியில் நின்றுவிடும்.

திரை பொய் சொல்லிவிட்டதா என்றால், இயங்குதளத்தின் கருவான கெர்னலின் கணக்கில் அப்படி இல்லை. ஒரு நிரல் ‘ரைட்’ என்ற அழைப்பை விடுக்கும்போது, தரவைத் தன் நினைவகத்துக்குள் வாங்கிக்கொள்வதாக மட்டுமே கெர்னல் வாக்குக் கொடுக்கிறது. வாங்கிய நினைவகப் பக்கங்களுக்கு ‘டர்ட்டி’ என்று குறி போட்டு வைக்கும். சாதனத்துக்கு அனுப்புவது பிறகு. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் இதற்கென்று உள்ள பணி 5 விநாடிக்கு ஒருமுறை விழித்துப் பார்த்து, 30 விநாடியைக் கடந்த பக்கங்களை எழுதத் தொடங்கும். கைவசமுள்ள நினைவகத்தில் 10 சதவீதம் டர்ட்டி ஆகிவிட்டால், நேரம் பார்க்காமல் பின்னணியில் எழுத ஆரம்பிக்கும். 20 சதவீதத்தை நெருங்கினால், எழுதும் நிரலையே நிறுத்தி நிறுத்தி அனுப்பும்.

8 ஜிபி நினைவகத்தில் பெரும்பகுதி காலியாக இருந்தால் ஒரு ஜிபிக்கு மேல் இப்படித் தேங்கலாம். விநாடிக்கு 10 எம்பி எழுதும் பென்டிரைவுக்கு அதை இறக்க 100 விநாடி ஆகும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ‘ப்ராக்’ அடைவில் இருக்கும் ‘மெம்இன்ஃபோ’ கோப்பைத் திறந்தால் ‘டர்ட்டி’ என்று ஒரு வரி இருக்கும். நகலெடுக்கும்போது அந்த எண் மளமளவென்று ஏறும். ‘சிங்க்’ கட்டளை கொடுத்தால் இறங்கிக்கொண்டே வரும்.

எழுதுவதை வேகப்படுத்த இதுவரை வந்த உத்திகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைதான்: தள்ளிப்போடுவது, சேர்த்து அனுப்புவது. வேகம் கூடக் கூட, மின்சாரம் போனால் இழக்கக்கூடியதும் கூடுகிறது. அந்த இழப்புக்கு யார் பொறுப்பு என்பதில்தான் தகராறு.

தள்ளிப்போட வேண்டிய கட்டாயம் ஹார்ட் டிஸ்க்கால் வந்தது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி எடுக்கும். தலைமுனை நகர்ந்து, சரியான இடம் அதன் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுதினால் விநாடிக்கு நூறு, இருநூறு முறை எழுதுவதே பெரும்பாடு. ஆகவே கெர்னல் கோரிக்கைகளைச் சேர்த்துவைத்தது. அடுத்தடுத்த இடங்களுக்குப் போகவேண்டியவற்றை ஒன்றாக்கியது. ஒவ்வொரு மாடியாக நின்று போகும் லிஃப்ட் மாதிரி வரிசைப்படுத்தியது. லினக்ஸின் ‘டெட்லைன்’ முறையில் படிக்கும் கோரிக்கைக்குக் கெடு அரை விநாடி. எழுதும் கோரிக்கைக்கு 5 விநாடி. படிப்பதற்காக ஒரு நிரல் வாயிலில் நிற்கும். எழுதுவதற்காகப் பெரும்பாலும் யாரும் நிற்பதில்லை. நியாயமான பாரபட்சம்தான்.

எஸ்எஸ்டி வந்ததும் கணக்கு தலைகீழாயிற்று. சுழலும் தட்டே இல்லாதபோது, வரிசைப்படுத்தும் கெர்னலே சுமையாகிப்போனது. எல்லா பிராசஸர் கோர்களும் ஒரே வரிசைக்கும் ஒரே பூட்டுக்கும் அடித்துக்கொண்டன. எஸ்எஸ்டிகளுக்காக 2011இல் வந்த என்விஎம்இ தரம், முந்தைய ஏஹெச்சிஐ முறையின் ஒரே வரிசை, 32 கட்டளை என்ற எல்லையை உடைத்து, 65,535 வரிசைகள் வரை அனுமதித்தது. கெர்னல் நிரலாளர் ஜென்ஸ் ஆக்ஸ்போ உள்ளிட்டோர் வடிவமைத்த பல வரிசை முறை 2014 ஜனவரியில் லினக்ஸ் 3.13இல் இடம்பெற்றது. 2019இல் வந்த 5.0 பதிப்பில் பழைய ஒற்றை வரிசை முறை முற்றாக நீக்கப்பட்டது.

இந்த இடத்தில் சற்று நெருங்கிப் பார்க்கலாம். என்விஎம்இ டிரைவர் 64 பைட் அளவுள்ள ஒரு கட்டளையை நினைவகத்திலிருக்கும் வரிசையில் எழுதிவைக்கும். பிறகு சாதனத்தின் ‘டோர்பெல்’ என்ற பதிவேட்டில், வரிசை எதுவரை நிரம்பியிருக்கிறது என்ற எண்ணை எழுதும். சாதனம் தானே வந்து கட்டளையை எடுத்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் 16 பைட் பதிலை நினைவகத்தில் போட்டுவிடும். சாதனத்தின் பதிவேட்டைப் படிக்கும் வேலையே இந்தப் பாதையில் கிடையாது. காரணம் இருக்கிறது. பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே எழுதும்போது பிராசஸர் அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம். படித்தால் பதில் திரும்பும்வரை கைகட்டி நிற்க வேண்டும்.

டோர்பெல்லும் இலவசமல்ல. இதேபோல் டோர்பெல் வைத்தே இயங்கும் 10 ஜிகாபிட் நெட்வொர்க் கார்டில் மிகச்சிறிய பாக்கெட்டுகளை முழு வேகத்தில் அனுப்பினால் விநாடிக்கு 1.488 கோடி போகும்; ஒன்றுக்குக் கிடைப்பது 67.2 நானோவிநாடி. ஒவ்வொன்றுக்கும் டோர்பெல் அடித்தால் கட்டுப்படியாகாது. 2014 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.18இல், ‘இன்னும் வருகிறது’ என்று டிரைவருக்குச் சொல்லும் ஏற்பாடு சேர்ந்தது. கடைசிப் பாக்கெட்டுக்கு மட்டும் அடித்தால் போதும்.

இனி தகராறுக்கு வரலாம். தரவு நிச்சயமாகச் சாதனத்தில் இறங்கியாக வேண்டும் என்று கேட்க நிரலுக்கு உள்ள வழி ‘எஃப்சிங்க்’. ஆனால் இஎக்ஸ்டி3 கோப்பு முறையில் ஒரு கோப்புக்கு அதைக் கேட்டால், காத்திருக்கும் மற்ற கோப்புகளின் தரவையும் சேர்த்தே எழுதித் தள்ளும். அடிக்கடி எஃப்சிங்க் கேட்ட ஃபயர்ஃபாக்ஸ் 3 உலாவி 2008இல் இதனால் விநாடிக்கணக்கில் உறைந்து நின்றது. எஃப்சிங்க்கே வேண்டாம் என்ற பழக்கம் நிரலாளர்களிடம் வேரூன்றியது. அடுத்து வந்த இஎக்ஸ்டி4, வட்டில் இடம் ஒதுக்குவதையே தள்ளிப்போட்டது. 2009இல் உபுண்டு 9.04ஐச் சோதித்தவர்கள் சிலருடைய கணினி திடீரென நின்றபோது, அமைப்புக் கோப்புகள் பூஜ்ய பைட்டாகிக் கிடந்தன. எஃப்சிங்க் கேட்காதது நிரல்களின் பிழை என்பது இஎக்ஸ்டி4ஐப் பராமரித்த டெட் சோவின் நிலை. விதிப்படி அது சரிதான். ஆனாலும் பழைய கோப்பின் மேல் புதியதைப் பெயர் மாற்றி வைத்தால் உடனே எழுதும் திருத்தத்தை அவரே சேர்த்தார். அந்த விட்டுக்கொடுப்பு விதியைவிட மேலானது.

2018இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் தரவுத்தளக் குழுவுக்குக் கிடைத்த அதிர்ச்சி இதைவிடப் பெரிது. எழுதும்போது பிழை ஏற்பட்டு எஃப்சிங்க் தோற்றால், லினக்ஸ் அந்தப் பக்கங்களின் டர்ட்டி குறியை அழித்துவிடுகிறது. மறுபடி கேட்டால் ‘வெற்றி’ என்று பதில் வரும். தரவோ வட்டில் இருக்காது. பிடுங்கப்பட்ட பென்டிரைவுக்கான பக்கங்களை என்றென்றும் நினைவகத்தில் சுமக்க முடியாது என்பது கெர்னல் தரப்பு வாதம். ஒரு பென்டிரைவுக்குப் பொருந்தும் நியாயம் ஒரு வங்கியின் தரவுத்தளத்துக்குப் பொருந்துமா? 2019 பிப்ரவரியில் வந்த 11.2 பதிப்பு முதல், எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் மறுமுயற்சி செய்யாமல் உடனே நின்று, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைத்த தன் பதிவிலிருந்து மீண்டெழுகிறது. முரட்டு வைத்தியம்தான், ஆனால் சரியான வைத்தியம்.

நிரல் எழுதும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முக்கியமான கோப்பை அதன் மேலேயே திருத்தி எழுதாதீர்கள். புதுக் கோப்பில் எழுதி, எஃப்சிங்க் கேட்டு, அது திருப்பித் தரும் மதிப்பைச் சோதித்த பிறகே பழைய பெயரை அதற்குக் கொடுங்கள். அடைவுக்கும் ஓர் எஃப்சிங்க் கேளுங்கள். முதல் எஃப்சிங்க் தோற்றால், அடுத்ததில் வரும் ‘வெற்றி’யை நம்பாதீர்கள்.