ஊசி போட்டால் பசியாற வேண்டும்



இனிப்பு நீர் நோய்க்காக வீட்டிலேயே இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோர் நம்மிடையே பலர் உள்ளனர். அவர்களில் சிலர், "ஊசி போட்டால் கை நடுங்குகிறது, தலை சுற்றுகிறது, அதனால் விட்டுவிட்டேன்" என்று சொல்லக் கேட்கிறோம். அப்படி விடுவது பேராபத்து. நடுக்கம் ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால் ஊசியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

இரத்தத்தில் உள்ள சீனியைக் குறைப்பதே இன்சுலினின் வேலை. நாம் சாப்பிட மறந்தாலும் அது தன் வேலையை மறப்பதில்லை. விடியுமுன் ஊசியைப் போட்டுவிட்டு, பசியாறாமல் பால் வெட்டப் போனால் என்ன ஆகும்? மருந்தும் சீனியைக் குறைக்கும். உடல் உழைப்பும் குறைக்கும். இரத்தச் சீனி 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி ஆகியவை அதன் அடையாளங்கள்.

உடனே வேலையை நிறுத்தி உட்கார வேண்டும். மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் குவளை நீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்தும் தெளியாவிட்டால் மீண்டும் அதே அளவு குடிக்கலாம். தெளிந்தபின் ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும்.

வீட்டிலுள்ளோருக்கு ஒரு வார்த்தை. சீனி மிகவும் இறங்கியவர் தள்ளாடுவார், உளறுவார், எரிந்து விழுவார். "குடித்துவிட்டு வந்திருக்கிறார்" என்று எண்ணி அவரைத் தூங்க விட்டுவிடாதீர்கள். உண்மையிலேயே குடித்திருந்தால் சீனி இன்னும் இறங்கக்கூடும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 999 எண்ணுக்கு அழையுங்கள்.

மற்றொரு தொல்லையும் உண்டு. வலிக்காத இடம் என்று தினமும் ஒரே இடத்தில் குத்தினால், அங்கே தோலுக்கடியில் கொழுப்பு கட்டிபோல் திரளும். அதில் போடும் மருந்து சீராக உடம்பில் சேராது; ஒருநாள் சீனி ஏறும், ஒருநாள் இறங்கும். ஆகவே வயிறு, தொடை என்று இடம் மாற்றிப் போடுங்கள். முன்பு குத்திய இடத்திலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளிப் போடுங்கள். ஏற்கெனவே கட்டி இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். நல்ல இடத்துக்கு மாறும்போது மருந்தின் வேகம் கூடும்; அளவைக் குறைக்க வேண்டி வரலாம். அந்த அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நேயர்களே, நடுக்கம் வந்த நாள், நேரம், அன்று சாப்பிட்டது ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து, அடுத்த முறை கிளினிக்கிற்குக் கொண்டு செல்லுங்கள். நாமாக ஊசியை நிறுத்த வேண்டாம். உணவுக்கு முன் போடும் ஊசியானால், சாப்பாடு தயாரான பிறகே போடுவோம். வேலைக்குக் கிளம்பும்போது சட்டைப் பையில் ஒரு சீனிப் பொட்டலம் இருக்கட்டும். பக்கத்து நிரையில் வேலை செய்பவருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.