புகைபோக்கியின் நிறமும் ஒரு சான்று



வணிகக் கப்பல்களின் நிறங்களைப் பற்றி மட்டுமே பேச ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறோம். கப்பலின் எடை, வேகம், எஞ்சின், சரக்கு எல்லாவற்றுக்கும் ஆவணம் தேடும் வரலாற்று மாணவர், நிறத்தை மட்டும் ஓவியரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார். அந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதுதான் என் உரையின் நோக்கம்.

நீராவிக் கப்பல் காலத்தில் தொலைவில் வருவது யாருடைய கப்பல் என்று சொன்னது புகைபோக்கிதான். முகப்பில் எழுதிய பெயரை வாசிக்கும் தூரத்துக்கு முன்பே புகைபோக்கியின் நிறம் தெரிந்துவிடும். லிவர்பூலின் ஆல்ஃபிரட் ஹோல்ட் நிறுவனம் நீலம் பூசியது. உலகமே அதை 'புளூ ஃபனல்' என்றே அழைத்தது. கிளான் லைனுக்குக் கறுப்பில் இரண்டு சிவப்புப் பட்டைகள். ஹாரிசன் லைனுக்குக் கறுப்பில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை எனப் பட்டைகள். மாலுமிகள் அதைப் பார்த்து 'கொழுப்பு இரண்டு, கறி ஒன்று' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். 1912இல் லாயிட்ஸ் நிறுவனம் கொடிகளையும் புகைபோக்கிகளையும் தொகுத்து வண்ணப் புத்தகமாகவே வெளியிட்டது. 1926இல் கிளாஸ்கோவிலிருந்து பிரவுன் பதிப்பகத்தின் கையேடு வந்தது. துறைமுகத்தில் வேலை செய்தவர்களுக்கு இவை அன்றாடம் புரட்டும் புத்தகங்கள்.

ஆனால் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது முதலாளியின் ரசனை மட்டுமல்ல. கரியும் வெப்பமும் சேர்ந்தே தேர்ந்தெடுத்தன. புகைபோக்கியின் உச்சி பெரும்பாலும் கறுப்பாக இருந்ததற்குக் காரணம் படியும் புகைக்கரி. கீழ்ப்பகுதியோ கொதிக்கும் இரும்பு. அதன்மேல் எந்தப் பூச்சும் எளிதில் நிற்காது. க்யூனார்டு கப்பல்களின் புகழ்பெற்ற செந்நிறம், எஞ்சின் வல்லுநர் ராபர்ட் நேப்பியரின் பட்டறையில் காவிமண்ணோடு மோர் கலந்து செய்யப்பட்டது என்று ஒரு மரபுக் கதை உண்டு. அது வெறும் கதையாகவே இருந்தாலும், சூட்டைத் தாங்கும் பூச்சைத் தேடி அந்தக் காலப் பொறியாளர்கள் எவ்வளவு அலைந்தார்கள் என்பதை அது சரியாகவே சொல்கிறது.

கப்பலின் மேனிக்கும் இதே நிலைதான். கரி ஏற்றும் துறைமுகத்தில் கப்பல் முழுவதும் தூசி படியும். கறுப்பு மேனி அதை மறைத்தது. எண்ணெயால் இயங்கும் கப்பல்கள் பெருகியபோது வெள்ளைக்குத் துணிச்சல் வந்தது. 1931இல் பி அண்ட் ஓ நிறுவனம் ஸ்ட்ராத்நேவர், ஸ்ட்ராத்தெர்டு என்ற இரு கப்பல்களை வெள்ளை மேனியோடு இறக்கியது. வெப்பமண்டலப் பயணிக்கு அந்த வெள்ளை தந்த ஆறுதல் சிறிதல்ல. அதுவரை அந்த நிறுவனத்துக்குப் பெரும்பாலும் மேனியும் கறுப்பு, புகைபோக்கியும் கறுப்பு.

இனி நம் துறையின் தலையாய சிக்கலுக்கு வருகிறேன். கறுப்பு வெள்ளைப் படங்களை நாம் அளவுக்கு மேல் நம்புகிறோம். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிதும் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் தகடுகளுக்குச் சிவப்பு தெரியாது. நீலம் மிகையாகத் தெரியும். ஆகவே க்யூனார்டின் சிவப்பு அவற்றில் கறுப்புக்கு அருகில் போய்விடும். ஹோல்ட் நீலம் வெளுத்துத் தோன்றும். ஒரு படத்தைக் கையில் எடுத்ததும் எந்தத் தகட்டில் எடுத்தார்கள் என்று கேட்காதவர் நிறத்தைப் பற்றி எழுதக் கூடாது என்றே நான் சொல்வேன். படத்துக்காகவே கப்பலின் நிறத்தை மாற்றியதும் உண்டு. 1910 அக்டோபரில் ஒலிம்பிக் கப்பலைக் கடலில் இறக்கியபோது, படத்தில் தெளிவாக விழுவதற்காக அதற்கு வெளிர்நிறம் பூசியிருந்தார்கள். கறுப்பு பின்னால்தான் வந்தது. அதன் தங்கைக் கப்பலான டைட்டானிக்கின் புகைபோக்கிப் பழுப்பு எந்த அளவு மஞ்சள் என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை.

நமக்கு மிக நெருக்கமான நிறுவனம் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம். 1856இல் மெக்கின்னன் தொடங்கிய அதன் அடையாளம் கறுப்புப் புகைபோக்கியில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். 1907இல் தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்களோடு மோதியது இந்த நிறுவனம்தான். அதே பட்டைகளைத் தாங்கித்தான் 1926இல் கட்டிய ரஜுலா சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்தது. தளத்தில் மட்டுமே 5,000 பேருக்கு மேல் ஏற்ற உரிமம் பெற்றிருந்த கப்பல் அது. தூத்துக்குடி வணிகருக்கு எதிரியாகத் தெரிந்த அடையாளம் மலாயாத் தோட்டத்துத் தொழிலாளிக்கு ஊருக்குப் போகும் வழியாகத் தெரிந்திருக்கும். நிறத்தை ஆராய்பவர் அதைப் பார்த்த கண்களையும் ஆராய வேண்டும்.

அதைப் பூசிய கைகளை நம் துறை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. இது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. கொங்கண், குஜராத், சிட்டகாங் கரைகளிலிருந்து வந்த லஸ்கர் மாலுமிகள் எத்தனையோ பிரிட்டிஷ் கப்பல்களில் துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்த்து, ரெட் லெட் பூச்சு அடித்து, கயிற்றில் கட்டிய பலகையில் தொங்கியபடி அந்தப் பட்டைகளைத் தீட்டினார்கள். ஈயம் கலந்த அந்தப் பூச்சு நஞ்சு. லண்டனில் அச்சான வண்ணத் தகட்டில் இருக்கும் நிறம் நிறுவனத்தின் கட்டளை. கடல் உப்பிலும் வெயிலிலும் இருந்த நிறம் இவர்களின் உழைப்பு. இரண்டும் ஒன்றாக இருந்திருக்க முடியாது. கையேட்டை மட்டும் பார்த்துத் தீட்டிய மாதிரிக் கப்பல் இந்தக் காரணத்தால்தான் பாதி உண்மையாகிறது.

இன்றைய கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு நிறத்துக்கும் அது பூச்சுத் துணுக்கிலிருந்து வந்ததா, அச்சுத் தகட்டிலிருந்தா, படத்திலிருந்தா, ஒருவரின் நினைவிலிருந்தா என்று தனித்தனியே குறிப்பிடுங்கள். ரஜுலாவில் பயணம் செய்தவர்கள் நாகையிலும் காரைக்காலிலும் பினாங்கிலும் இன்னும் இருக்கிறார்கள். பலர் வயது எண்பதைத் தாண்டியவர்கள். அவர்களைச் சந்திக்கும் பணியை அடுத்த கூட்டம்வரை தள்ளிப்போட வேண்டாம். எந்த ஊருக்கு யார் போவது என்பதை இன்று மாலை அமர்விலேயே முடிவு செய்துவிடுவோம். ஆர்த்தோகுரோமாட்டிக் படங்களைப் பற்றிய முதல் கட்டுரையை வாசிக்க ஆய்வாளரை அழைத்து, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.