தோலும் ஒளியும்



கன்னத்திலோ முழங்கையிலோ ஒரு வெளிறிய திட்டுத் தோன்றினால் நம் லயங்களில் முதலில் எழுவது பயம், அடுத்தது மறைத்தல். வெண்புள்ளியை “வெண்குட்டம்” என்று சொல்லிவந்த வழக்கமே பாதித் துன்பத்துக்குக் காரணம். வெண்புள்ளி குட்டநோயன்று, தொற்றுவதுமன்று. ஆயினும் அதனால் நின்றுபோன கல்யாணப் பேச்சுக்கள் நாம் அறியாதவையா?

கத்தி வைக்காமல், ஒளியைக் கொண்டே தோலை ஆராயும் முறைகள் இன்று பெருகியுள்ளன. அவற்றுள் எளியது வூட் விளக்கு. அமெரிக்க பௌதிக அறிஞர் றொபேட் வூட் 1903இல் அமைத்த வடிகட்டிக் கண்ணாடியிலிருந்து பிறந்தது. கையிலடங்கும் அவ்விளக்கின் புறஊதாக் கதிரை இருட்டறையில் தோல்மீது பாய்ச்சினால், வெண்புள்ளி நீலங்கலந்த வெண்மையாய்ப் பளிச்சிடும். தேமல் பெரும்பாலும் மஞ்சட் சாயல் காட்டும். பார்ப்பதற்குச் சில நிமிடங்கள் போதும், நோவு சிறிதுமில்லை.

இதனிலும் ஆழ்ந்து நோக்குவன உள. 1991இல் அறிமுகமான ஓ.சி.டி. என்னும் ஒளிப்படமுறை, தோலின் உள்ளே ஒன்றிரண்டு மில்லிமீற்றர் வரை அடுக்கடுக்காய்க் காட்டும். திருச்சியில் பிறந்த சர் சி. வி. இராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறல் விளைவும் இன்று தோற் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு உதவுகின்றது. இதில் நமக்குச் சற்றுப் பெருமை உண்டுதானே!

ஆனால் ஒரு குறை. கருநிறத் தோலில் மெலனின் என்னும் நிறப்பொருள் ஒளியை அதிகம் உறிஞ்சிவிடும். படத்தைப் பார்த்து நோயைச் சொல்லப் பழக்கப்படும் கணினிகளுக்குக் காட்டப்பட்டவையும் பெரும்பாலும் வெண்ணிறத் தோலின் படங்களே. வெயிலிலும் மழையிலும் கொழுந்தெடுக்கும் கையை அவை எவ்வளவு அறியும்? மருத்துவம் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் இக்கேள்வியை உடன் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குட்டநோயை இந்த விளக்கு தீர்த்துச் சொல்லாது. திட்டின்மேல் பஞ்சு நுனியால் தொட்டு, உணர்ச்சி உண்டா என்று பார்க்கும் பழைய சோதனைதான் அதற்கு இன்றும் முதற்படி. உணர்ச்சி குன்றியிருந்தாலும் கலங்க வேண்டியதில்லை. 1982 முதல் வழங்கிவரும் கூட்டு மருந்தை ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ உண்டால் நோய் தீரும், மருந்து இலவசம், தொடங்கியவுடன் தொற்றும் தன்மையும் விரைவில் நீங்கும்.

தோட்ட வைத்தியரிடம் காட்டலாம். நுவரெலியா, டிக்கோயா ஆஸ்பத்திரிகளும் எட்டாத தூரமல்ல. சட்டைக் கையை நீளமாய்த் தைத்து மறைத்துக்கொண்டு திரியும் அந்த மாதங்களிலேதான் நரம்பு கெடுகிறது.